கல்யாண போட்டோ, வீடியோ: வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேதி குறித்த நாளிலிருந்து ஆல்பம் கைக்கு வரும்வரை பெண் வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள் இருக்கின்றன. முந்தின நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம் என்று தமிழ்நாட்டு மண்டபங்களில் நடக்கும் கல்யாணத்தை மனதில் வைத்துப் பதில் எழுதப்பட்டிருக்கிறது.

தேதி குறிச்சாச்சு. முதல்ல மண்டபமா, போட்டோகிராபரா?

மண்டபம். ஆனால் அதே வாரத்தில் போட்டோகிராபருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியையும் பலர் ஒதுக்குகிறார்கள். மிச்ச மாதங்களில் வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் ஊரே அன்றைக்குத்தான் கல்யாணம் வைக்கும். பத்திரிகை அடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், நல்ல ஆட்கள் எல்லாம் வேறு மண்டபத்தில் இருப்பார்கள். ஐந்தாறு மாதம் முன்பே பேசுவது சரியாக இருக்கும்.

மண்டபம் பார்க்கப் போகும்போதே படத்துக்காகவும் சில விஷயங்களைக் கவனியுங்கள். மேடையில் மணவறை போட்ட பிறகு முன்னால் ஆறேழு அடியாவது மிச்சம் இருக்குமா? ஏசி ஹாலில் ஹோமப் புகை வெளியேற எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டா? மணமகள் அறையில் ஜன்னல் இருக்கிறதா? கரண்ட் போனால் மேடை விளக்குகளும் ஜெனரேட்டரில் எரியுமா, ஃபேன் மட்டும்தானா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டவர்கள் அதிகம்.

கேண்டிட், ட்ரெடிஷனல்னு ரெண்டு ரேட் சொல்றாங்க. ரெண்டும் வேணுமா?

ட்ரெடிஷனல் என்றால் மேடைக்கு நேர் எதிரே நின்று, சடங்கு ஒன்றையும் விடாமல், எல்லோரையும் கேமரா பார்க்க வைத்து எடுப்பது. வந்தவர்களின் குடும்பப் படங்களும் இதில்தான் அடக்கம். கேண்டிட் என்றால் யாரையும் நிறுத்தாமல், பக்கவாட்டிலிருந்தோ தூரத்திலிருந்தோ நடப்பதை நடந்தபடி எடுப்பது. தாலி ஏறும்போது அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்வது கேண்டிட்காரருக்குக் கிடைக்கும். தாலி முடிச்சே பளிச்சென்று தெரிவது ட்ரெடிஷனல்காரரிடம் கிடைக்கும்.

கையில் இருக்கும் பணம் ஒருவருக்குத்தான் போதும் என்றால் ட்ரெடிஷனலையே வையுங்கள். கேண்டிட் மட்டும் வைத்த வீடுகளில் பிறகு வரும் புகார் ஒன்றே: ‘படம் எல்லாம் அழகு, ஆனா எங்க பெரியப்பா குடும்பம் நிக்கிற மாதிரி ஒண்ணுகூட இல்ல.’

மொத்தம் எத்தனை பேர் கேமராவோட வரணும்?

400, 500 பேர் வரும் கல்யாணத்துக்கு நாலு பேர்: ட்ரெடிஷனல் போட்டோ, ட்ரெடிஷனல் வீடியோ, கேண்டிட் போட்டோ, கேண்டிட் வீடியோ. லைட் பிடிக்க ஓர் உதவியாளர் கூட இருப்பார். 150 பேருக்குள் என்றால் இரண்டு பேரே போதும். எட்டுப் பேர் வருகிறோம் என்று பெருமையாகச் சொல்லும் பேக்கேஜில், மேடை முழுக்கக் கேமராக்காரர்களின் முதுகுதான் விருந்தினர்களுக்குத் தெரியும்.

கல்யாணம் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நடக்குமா என்று பாருங்கள். வாசலில் காசி யாத்திரை நடக்கும்போது மாடியில் பெண்ணுக்கு அலங்காரம் நடக்கும். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் கோயிலிலிருந்து கிளம்பும்போது ரிசப்ஷன் மேடையில் கூட்டம் சேர்ந்துவிடும். அப்படியானால் போட்டோவுக்கே இருவர் வேண்டும்.

ஒருத்தர் சொல்றதுக்கும் இன்னொருத்தர் சொல்றதுக்கும் ரேட் ரெண்டு மடங்கு வித்தியாசம். எதை நம்புறது?

மொத்தத் தொகையை ஒப்பிடாதீர்கள், அதற்குள் என்ன இருக்கிறது என்பதை ஒப்பிடுங்கள். எத்தனை நிகழ்ச்சி, நிகழ்ச்சிக்கு எத்தனை மணி நேரம், எத்தனை பேர், எத்தனை ஆல்பம், ஆல்பத்துக்கு எத்தனை ஷீட், ட்ரோன், லைவ், எல்இடி டிவி, வெளியூர் என்றால் வண்டிச் செலவும் தங்குமிடமும் யார் பொறுப்பு. குறைந்த ரேட்டில் பெரும்பாலும் 20 அல்லது 25 ஷீட் ஆல்பம்தான் இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனிக் காசு என்பது ஆல்பம் போடும்போதுதான் தெரியவரும்.

ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேளுங்கள். போட்டோகிராபி சேவைக்கு 18 சதவீதம். ஒரு லட்சம் என்று பேசிவிட்டு பில்லில் 1,18,000 பார்க்கும்போது மனக்கசப்பு வரும்.

இன்ஸ்டாகிராம்ல அவங்க படம் எல்லாம் சூப்பரா இருக்கு. அது போதாதா?

போதாது. அங்கே இருப்பவை நூறு கல்யாணங்களில் பொறுக்கிய நூறு படங்கள். ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தையும் முழு நீள வீடியோவையும் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கல்யாணத்தைப் போன்ற ஒன்றாக அது இருக்க வேண்டும். அதிகாலை முகூர்த்தம் என்றால் அதிகாலை மண்டபம், கோயில் கல்யாணம் என்றால் கோயில். கடற்கரை வெயிலில் அழகாக எடுப்பவர் டியூப்லைட் மண்டபத்தில் திணறுவது சாதாரணம்.

அடுத்து, ‘எங்க கல்யாணத்துக்கு வரப்போறது யார்?’ என்று கேளுங்கள். ஒரே முகூர்த்தத்தில் மூன்று புக்கிங் எடுத்திருக்கும் ஸ்டூடியோ, மூன்று அணிகளை அனுப்பும். நீங்கள் பார்த்து மயங்கிய படங்களை எடுத்தவர் வேறு ஊரில் இருக்கலாம். வரப்போகிறவரின் பெயரையும் அவர் எடுத்த படங்களையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் சமூகத்துச் சடங்கு அவருக்குப் பழக்கமா என்பதும் முக்கியம். கொங்கு வீட்டு இணைச்சீரோ நகரத்தார் வீட்டுத் திருப்பூட்டுதலோ எப்போது தொடங்கும், யார் எங்கே நிற்பார்கள் என்று தெரியாதவர், அது முடிந்த பிறகுதான் லென்ஸ் மாற்றிக்கொண்டிருப்பார்.

தெரிஞ்சவர்தான், எழுதி வாங்கணுமா?

தெரிந்தவர் என்றால் கட்டாயம் எழுதி வாங்குங்கள். அந்நியரிடம் வாய் திறந்து கேட்டுவிடலாம், தெரிந்தவரிடம் கேட்க வாய் வராது. முத்திரைத் தாள் எல்லாம் வேண்டாம். ஸ்டூடியோ லெட்டர்பேடில் ஒரு பக்கம், அல்லது வாட்ஸ்அப்பில் விவரமாக எழுதி அவர் ‘சரி’ என்று பதில் போட்டால்கூட ஆதாரம்தான். ரேட் பற்றிய பதிலில் சொன்ன எல்லாமும், வரப்போகிறவரின் பெயரும், ஹைலைட்ஸ் வீடியோ எத்தனை நாளில், ஆல்பம் எத்தனை நாளில் என்பதும், எடுத்த கோப்புகளை அவர்கள் எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்பதும் அதில் இருக்கட்டும்.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது இரு பக்கத்துக்கும் நல்லது. புக்கிங்கில் கால் பங்கு, கல்யாண நாளில் பாதி, ஆல்பம் கைக்கு வரும்போது மிச்சக் கால் பங்கு. கல்யாணத்தன்றே முழுப் பணமும் கொடுத்துவிட்டால் உங்கள் ஆல்பம் வரிசையின் கடைசிக்குப் போகும்.

வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்து தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதையும் சங்கடப்படாமல் கேட்டுவிடுங்கள். புதுத் தேதியில் அவர்கள் காலியாக இருந்தால் அட்வான்ஸ் அப்படியே கணக்கில் வரும் என்று எழுதுவது நியாயமான ஏற்பாடு.

ப்ரீ வெட்டிங் ஷூட் அவசியமா? வீட்ல பெரியவங்க ஒத்துக்கல.

அவசியம் இல்லை. அதில் ஒரு நன்மை உண்டு: கேமரா முன் நிற்கும் கூச்சம் இருவருக்கும் போகும், போட்டோகிராபருக்கும் உங்கள் முகத்துக்கு எந்தப் பக்கம் நன்றாக வரும் என்று பிடிபடும். பெரியவர்களுக்கு மனமில்லை என்றால் மறுவீடு முடிந்த வாரத்தில் அதையே எடுக்கலாம். கல்யாணக் களைப்பு தீர்ந்து முகம் தெளிந்திருக்கும், மெஹந்தியும் போயிருக்காது.

இடத்துக்கு முன் அனுமதி வேண்டும். மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை நினைவிடங்களில் ஸ்டாண்டு வைத்து எடுக்கவே அனுமதி தேவை. பூங்கா, வனத்துறை இடம், ரயில் நிலையம் எல்லாவற்றுக்கும் தனித்தனி அனுமதியும் கட்டணமும் உண்டு. அதை வாங்குவது யார் பொறுப்பு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். நேரம் காலை 6 முதல் 8, மாலை 4.30க்கு மேல். நம் ஊர் உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும், மேக்கப்பும் கரையும்.

முகூர்த்தம் 6 – 7.30. போட்டோகிராபர் எத்தனை மணிக்கு வரணும்?

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். 6 மணிக்குப் பெண்ணை மேடைக்கு அழைப்பார்கள் என்றால், தனிப் படங்களுக்கு 20 நிமிடம், பெற்றோருடனும் உடன்பிறந்தவர்களுடனும் 15 நிமிடம். கையிருப்பாகப் பத்து நிமிடம் சேர்த்தால், 5.15க்குப் பெண் தயாராக இருக்க வேண்டும். மேக்கப், தலை அலங்காரம், புடவை கட்டு, நகை எல்லாம் சேர்ந்து இரண்டரை மணி நேரம் பிடிக்கும். அதாவது 2.45க்கு மேக்கப் தொடங்க வேண்டும். கேமரா 4 மணிக்கு வந்தால் போதும்.

இந்தக் கணக்கு உடைவது எப்போதும் மேக்கப்பில்தான். முதல் நாள் ரிசப்ஷன் 11 மணிக்கு முடிந்து, சாப்பிட்டு, பெண் படுக்கும்போது 12.30 ஆகியிருக்கும். அரை மணி நேரம் பிந்தினால் ஐயர் காத்திருக்க மாட்டார். திங்கட்கிழமை என்றால் 7.30க்கு ராகு காலம் வேறு. அப்போது பலியாவது அந்த 35 நிமிடப் படங்கள்தான். தனிப் படங்களை முந்தின நாள் மாலை ரிசப்ஷன் அலங்காரத்திலேயே 40 நிமிடம் ஒதுக்கி எடுத்து வைத்துக்கொண்டால் காலையில் பதற வேண்டாம்.

மணமகள் அறையில் ஜன்னல் பக்கத்தை மட்டுமாவது காலியாக வையுங்கள். பக்கெட், பெட்டி, காபி டம்ளர், சார்ஜர் ஒயர் எல்லாம் அந்தப் படங்களின் பின்னால் வந்து நிற்கும். தாலி, மெட்டி, பத்திரிகை, கூறைப்புடவை ஆகியவற்றைத் தனியாக எடுக்க வேண்டும் என்றால் ஒரு தாம்பாளத்தில் சேர்த்து வைத்து, பொறுப்பான ஒரு ஆளோடு கொடுங்கள். தாலியைத் தேடி மண்டபமே அலைவது நல்ல காட்சி இல்லை.

தாலி கட்டற நேரத்துல எல்லாரும் சூழ்ந்துக்கிட்டா படம் எப்படி வரும்?

வராது. கெட்டிமேளம் கேட்டதும் அட்சதையோடு அத்தனை பேரும் மேடையேறுவார்கள், பாதிப் பேர் கையில் மொபைல் வேறு. மூன்றாவது முடிச்சுப் போட நாத்தனார் குனிவார், பின்னால் விளக்குப் பிடிப்பவர் நிற்பார். எல்லாம் சேர்ந்து 20 நொடி. ட்ரெடிஷனல்காரரின் முன்னால் ஒரு சித்தப்பா முதுகு வந்துவிட்டால் கதை முடிந்தது.

தீர்வு கேமராவில் இல்லை, ஆளில் இருக்கிறது. இரு வீட்டிலும் எல்லோரையும் பெயர் சொல்லி ‘மாமா, ஒரு நிமிஷம் இப்படி வாங்க’ என்று உரிமையோடு நகர்த்தக்கூடிய ஒருவரை மேடைப் பொறுப்புக்குப் போடுங்கள். மணவறைக்கு நேர் எதிரே மூன்றடி அகலப் பாதை கெட்டிமேளம் முடியும்வரை காலியாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் வேலை. ஐயரிடமும் நாத்தனாரிடமும் மாலையை ஒதுக்கிப் பிடிக்க முன்பே சொல்லிவைக்கலாம், இல்லாவிட்டால் தாலி மாலைக்குள் மறைந்துபோகும். ஒரு கேமரா நேரே, இன்னொன்று பக்கவாட்டில் சற்று உயரத்தில் என்று இரண்டு கோணம் வையுங்கள். ‘மறுபடி ஒரு தடவை கட்டுங்க’ என்று கேட்கும் நிலை எந்த வீட்டுக்கும் வரக்கூடாது.

மேடை லைட்டால முகமெல்லாம் ஊதாவா வந்திருக்கு. எடிட்டிங்ல சரி பண்ண முடியாதா?

ஓரளவுதான் முடியும். ஊதா, இளஞ்சிவப்பு விளக்கு நேராக முகத்தில் விழுந்திருந்தால் தோல் நிறத்தின் விவரமே பதிவாகியிருக்காது. சரிசெய்தால் பட்டுப்புடவையின் நிறம் கெடும். டெக்கரேஷன்காரரிடம் முன்பே சொல்லுங்கள்: கலர் விளக்கு பின்திரையிலும் பூவிலும் விழட்டும், முகத்துக்கு வெள்ளை அல்லது இளமஞ்சள் வெளிச்சம் மட்டும். மணவறைக்கு முன்னால் இரு பக்கமும் 45 டிகிரியில் ஒரே நிற விளக்கு இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மேடைக்குப் பின்னால் பெரிய எல்இடி திரை வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அது ஜோடியைவிடப் பிரகாசமாக இருந்தால் முகம் கறுக்கும். படத்தில் பட்டை பட்டையாகக் கோடும் விழும். திரையின் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மட்டமான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்கும். கேமராவின் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் அந்த மினுக்கல் பெரும்பாலும் மறையும். இது போட்டோகிராபருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். நீங்கள் செய்ய வேண்டியது, முந்தின நாள் மதியமே மேடை விளக்குகளை ஒருமுறை எரியவிட்டு அவரைப் பார்க்கச் சொல்வது.

ரிசப்ஷன்ல வரிசை நகரவே மாட்டேங்குது. போட்டோகிராபர் மெதுவா எடுக்கிறாரா?

கணக்கைப் பாருங்கள். 600 பேர், நாலு நாலு பேராக வந்தால் 150 குழு. பரிசு கொடுத்து, கை குலுக்கி, நின்று, படம் எடுத்து இறங்க ஒரு குழுவுக்கு 40 நொடி. மொத்தம் 100 நிமிடம். நடுவில் ஜோடி தாமதமாக மேடையேறினாலோ, மெல்லிசைக்காரர்கள் ஆட அழைத்தாலோ அத்தனையும் சாப்பாட்டு நேரத்தின் தலையில் விழும்.

மேடைக்கு ஏற ஒரு படி, இறங்க மறு படி என்று வைத்தாலே வேகம் கூடும். குடும்பப் படங்களை இந்த வரிசையில் கலக்காதீர்கள். அதற்குத் தனிப் பட்டியல் எழுதி மேடைப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்: தாத்தா பாட்டி முதலில், ஏனென்றால் அவர்களால் காத்திருக்க முடியாது. பிறகு தாய்மாமன் குடும்பம், அத்தை குடும்பம், சித்தப்பா பெரியப்பா. 15 குழுவுக்கு மேல் போனால் யாரும் நிற்க மாட்டார்கள்.

கோயில்ல தாலி கட்றோம். கேமரா விடுவாங்களா?

கோயில் அலுவலகத்தில் கேட்காமல் எதையும் நம்ப வேண்டாம். கருவறைப் பக்கம் எங்குமே படம் எடுக்க விடமாட்டார்கள். திருமணம் நடக்கும் மண்டபத்தில் மட்டும், கட்டணம் கட்டி ரசீது வாங்கினால் அனுமதிக்கும் கோயில்கள் உண்டு. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் மொபைல் போனுக்குத் தடை விதித்தது, அதனால் ‘கேமரா இல்லேன்னா மொபைல்ல எடுத்துக்கலாம்’ என்ற எண்ணமும் பலிக்காது.

முகூர்த்த நாளில் ஒரே மண்டபத்தில் பத்துப் பதினைந்து ஜோடிகள் வரிசையில் நிற்பார்கள், உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். போட்டோவுக்கு ஒருவர், வீடியோவுக்கு ஒருவர், அவ்வளவே. மற்ற படங்களைக் கோயிலுக்கு வெளியிலோ ரிசப்ஷன் மண்டபத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

சர்ச் கல்யாணம், நிக்காஹ்வுக்கு வேற ஏதாவது பார்க்கணுமா?

சர்ச்சில் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ ஒரு வாரம் முன்பே போட்டோகிராபரை அழைத்துப்போய் அறிமுகம் செய்யுங்கள். பீடத்தின் மேல் ஏறக்கூடாது, வழிபாட்டின் குறிப்பிட்ட நேரத்தில் ஃப்ளாஷ் கூடாது என்பன போன்ற நிபந்தனைகள் ஒவ்வொரு சர்ச்சுக்கும் மாறும். நிக்காஹ்வில் பெண்கள் பகுதி தனி என்றால் அங்கே எடுக்கப் பெண் போட்டோகிராபரே வேண்டும், எடிட்டிங்கும் பெண்களே செய்வார்களா என்பதுவரை கேட்டுக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. கேட்பதில் தவறில்லை, அதையும் எழுத்தில் போடுங்கள்.

ட்ரோன் ஃப்ரீன்னு சொல்றாங்க. வாங்கிக்கலாமா?

கோபுரத்துக்குப் பக்கத்து மண்டபம், வயல் நடுவே வீடு, கடற்கரை என்றால் நன்றாக இருக்கும். நகரத்து மண்டபத்தில் தண்ணீர்த் தொட்டியும் ஏசி வெளிப்பெட்டியும்தான் மேலிருந்து தெரியும். ஹாலுக்குள் பறக்கவிட வேண்டாம். அட்சதையும் பூவும் பறக்கும், நாதஸ்வரத்துக்கு மேல் அதன் இரைச்சல் கேட்கும், ஃபேனில் மோதினால் யார் தலையிலாவது விழும்.

ட்ரோன் விதிகள் 2021இன்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காக ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் மண்டபம் பச்சைப் பகுதியில் இருந்தால் 400 அடி வரை பறக்கலாம். விமான நிலையத்தை ஒட்டிய மஞ்சள் பகுதியிலும், ராணுவ இடங்கள் போன்ற சிவப்புப் பகுதியிலும் முன் அனுமதி தேவை. சென்னையில் மீனம்பாக்கம், தாம்பரம் பக்கத்து மண்டபக்காரர்கள் இதைப் பார்க்காமல் முடிவுசெய்ய வேண்டாம்.

அமெரிக்காவுல இருக்கிற அண்ணனுக்காக லைவ் வேணும். மண்டபத்து வைஃபை போதுமா?

அதை நம்ப வேண்டாம். லைவுக்கு வேண்டியது அப்லோடு வேகம், நிலையாக 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்) இருந்தால் போதும். ஆனால் 800 பேர் மொபைலோடு வந்து உட்கார்ந்த பிறகு அந்த இடத்துச் சிக்னலே திணறும். வேறு வேறு நிறுவனத்தின் இரண்டு சிம் வைத்திருக்கச் சொல்லுங்கள். யூடியூபில் புதிதாகத் தொடங்கும் சேனலுக்கு லைவ் வசதி கிடைக்க 24 மணி நேரம்வரை ஆகும், அதனால் காலையில் சேனல் தொடங்கினால் வேலைக்கு ஆகாது. லிங்க்கை ‘அன்லிஸ்டட்’ என்று வையுங்கள், லிங்க் கையில் இருப்பவர்கள் மட்டும் பார்ப்பார்கள். மண்டபத்தில் ஒலிக்கும் சினிமாப் பாட்டு லைவுக்குள் போனால் காப்புரிமைக் காரணத்தால் ஒளிபரப்பே நிற்கலாம், ரிசப்ஷனில் இந்த ஆபத்து அதிகம்.

போட்டோகிராபர் டீமுக்குச் சாப்பாடு நாமதான் போடணுமா?

ஆமாம், இது பேச வேண்டிய விஷயமே இல்லை. யோசிக்க வேண்டியது எப்போது என்பது. ரிசப்ஷனில் கூட்டம் 7.30க்கு மேல்தான் வரும், 6.30க்கே அவர்களுக்கு இலை போட்டுவிடுங்கள். காலையில் முகூர்த்தம் முடியும்வரை அவர்கள் நகர முடியாது, 5 மணிக்குக் காபியோடு இரண்டு இட்லி போனால் நன்றியோடு வேலை செய்வார்கள். பந்தியைப் படம் எடுக்கச் சொன்னால் இலை போட்டவுடன், பரிமாறும்போது எடுக்கச் சொல்லுங்கள். வாயில் சோற்றோடு இருக்கும் படத்தை யாரும் விரும்புவதில்லை.

எடுத்த எல்லாப் படமும் எங்களுக்குத் தருவாங்களா? ‘ரா’ ஃபைல் கேக்கலாமா?

நாலு பேர் இரண்டு நாள் எடுத்தால் 5,000 படம் சாதாரணமாகச் சேரும். அதில் கண் மூடியது, ஒரே காட்சியை ஆறு முறை எடுத்தது எல்லாம் கழித்து, நிறம் சரிசெய்த ஜேபெக் தருவது வழக்கம். ‘ரா’ என்பது கேமராவின் பச்சைப் பதிவு, எடிட் செய்யாமல் பார்த்தால் வெளிறித்தான் தெரியும். சிலர் தருவதில்லை, சிலர் தனித் தொகை கேட்பார்கள். ஜேபெக் முழு அளவில் வந்தால் பெரும்பாலான வீடுகளுக்கு அது போதும். முக்கியமானது முழு அளவு என்ற வார்த்தை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படம் நீளவாக்கில் 1,600 பிக்சல் அளவில் சுருங்கிவிடும், அதை அச்சடித்தால் ஐந்து அங்குலத்துக்கு மேல் தாங்காது.

வாங்கிவைக்க நீங்களே 2 டிபி ஹார்ட் டிஸ்க் கொடுங்கள். 4கே வீடியோ 100 எம்பிபிஎஸ் தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஆறு மணி நேரம் என்றால் 540 ஜிபி. பென்டிரைவ் பத்தாது. ஒரே டிஸ்க்கில் விடாமல் இன்னொரு நகலைப் பெண் வீட்டிலோ மாப்பிள்ளை வீட்டிலோ வையுங்கள். ஸ்டூடியோ எத்தனை மாதம் வைத்திருக்கும் என்று எழுதி வாங்கச் சொன்னது இதற்காகத்தான், அந்தக் காலம் முடிந்தால் அழித்துவிடுவார்கள்.

ஆல்பத்துக்குப் படம் செலக்ட் பண்ணவே ஆறு மாசமாகுது. ஏதாவது வழி இருக்கா?

முதலில் கணக்கு. 40 ஷீட் ஆல்பம், ஷீட்டுக்கு சராசரி 4 படம் என்றால் 160 படம். 400 படம் பொறுக்கிக் கொடுத்தால் தபால்தலை அளவில்தான் வரும், அல்லது ஷீட் கூடிக் காசு ஏறும். ஒருவர் மட்டும் உட்கார்ந்து 300ஆகக் குறையுங்கள், பிறகு இரு வீட்டிலும் ஒவ்வொருவர் சேர்ந்து 160க்குக் கொண்டுவாருங்கள். பத்துப் பேர் சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் முடியவே முடியாது.

எண்ணை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். இரண்டு கேமராவிலும் 4512 என்ற எண்ணில் வேறு வேறு படம் இருக்கும், ஒரே கேமராவிலும் 9999க்குப் பிறகு எண் மறுபடி தொடக்கத்துக்குப் போகும். ‘ரிசப்ஷன் கேண்டிட் 4512’ என்று ஃபோல்டர் பெயரோடு எழுதுங்கள். தேர்ந்தெடுத்த படங்களைத் தனி ஃபோல்டரில் நகலெடுத்துக் கொடுப்பது இன்னும் நிம்மதி.

ஆல்பம் டிசைன் அனுப்பியிருக்காங்க. அதுல என்ன பார்க்கணும்?

பெயர் எழுத்து, தேதி, இவை முதலில். வழக்கமான ஆல்பம் விரித்தால் 12×36 அங்குலம், மூடினால் 12×18. நடுவே மடிப்பு வரும் இடத்தில் யார் முகமும் இருக்கக்கூடாது. ஓரத்தில் கால் அங்குலம் வெட்டுப்படும், அங்கே நிற்பவரின் கை போய்விடும். முகத்தை மெழுகு பூசியதுபோல் வழவழப்பாக்கியிருந்தால் குறைக்கச் சொல்லுங்கள். பாட்டியின் சுருக்கத்தை அழிப்பது அழகு என்று யார் சொன்னார்களோ!

பிறகு உறவு வாரியாக ஒரு சரிபார்ப்பு. ரிசப்ஷன் குடும்பப் படங்களுக்கு எழுதிய அதே பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரும் ஒரு படத்திலாவது இருக்கிறார்களா என்று டிக் அடியுங்கள். தாய்மாமன் விட்டுப்போன ஆல்பம் பல வருஷத்துக்குப் பேச்சாகும். அச்சுக்குப் போன பிறகு ஒரு ஷீட்டை மாற்றுவதும் எளிதில்லை. பிரித்து ஒட்ட முடியாத பைண்டிங் என்பதால் பெரும்பாலும் ஆல்பத்தையே மறுபடி போட வேண்டிவரும்.

வீடியோவுக்கு நாங்க சொல்ற சினிமாப் பாட்டு போட்டாங்க. இன்ஸ்டாவுல ஏத்தினா சத்தமே இல்லை.

கல்யாணச் சடங்கிலும் ஊர்வலத்திலும் அதையொட்டிய கொண்டாட்டத்திலும் பாட்டு ஒலிக்கவிடுவது மீறல் ஆகாது என்று பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு சலுகை தருகிறது. அதே பாட்டை வீடியோவில் கோத்து இணையத்தில் ஏற்றுவதற்கு அந்தச் சலுகை செல்லாது, அதனால்தான் தளங்கள் ஒலியை வெட்டுகின்றன. வீட்டில் பார்க்க ஒன்று, இணையத்தில் போட உரிமம் வாங்கிய இசையோடு இன்னொன்று என்று இரண்டாகக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். முழு நீள வீடியோவில் பாட்டே வேண்டாம், அன்றைக்கு ஒலித்த ஒலியே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். நாதஸ்வரம், மந்திரம், ஓரத்தில் தாத்தா அதட்டும் குரல் எல்லாம் அந்த ஒலியில்தான் இருக்கிறது. பாட்டை மேலே போட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது.

எங்க படத்தைக் கேக்காமலே அவங்க பேஜ்ல போட்டுட்டாங்க. போடலாமா? படம் யாருக்குச் சொந்தம்?

பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி எடுக்கவைத்த போட்டோவுக்கும் படச்சுருளுக்கும் முதல் உரிமையாளர் அவர்தான், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை. கடைசி நாலு வார்த்தைகளைக் கவனியுங்கள். ஸ்டூடியோ நீட்டும் படிவத்தில் ‘படங்களின் உரிமை எங்களுக்கே, விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்’ என்று ஒரு வரி இருந்து நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் நிலைமை மாறிவிடும். அந்த வரியை அடித்துவிடலாம், அல்லது ‘கேட்டுச் சம்மதம் வாங்கிய படங்கள் மட்டும்’ என்று திருத்தலாம். குழந்தைகள் இருக்கும் படங்களையும் பெண் அறைப் படங்களையும் தனியாகக் குறிப்பிட்டு விலக்குங்கள்.

கல்யாணத்தைப் பதிவு பண்ண எந்தப் படம் வேணும்?

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு 150 நாள்வரை நேரம் உண்டு. ஆல்பத்துக்காகக் காத்திருந்தால் அது தாண்டிவிடும். பதிவுக்கும் பிறகு விசாவுக்கும் உதவும்படி தாலி கட்டும் படம், மாலையோடு ஜோடி நேராக நிற்கும் படம், இரு வீட்டுப் பெற்றோருடன் சேர்ந்த படம் மூன்றையும் ஒரு வாரத்துக்குள் எடிட் செய்து கேட்டு வாங்கிவிடுங்கள்.

‘மெமரி கார்டு கரப்ட் ஆயிடுச்சு’ன்னு சொல்றாங்க. என்ன செய்யறது?

அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் எழுதக்கூடாது, ஃபார்மெட்டும் செய்யக்கூடாது. மீட்பு மென்பொருளால் பெரும்பகுதி கிடைக்க வாய்ப்பு உண்டு. மேலே புதிதாக எடுத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். இரண்டு கார்டு போடும் கேமராவில் இரண்டிலும் ஒரே சமயத்தில் பதியும் வசதி உண்டு, புக்கிங்கின்போதே அப்படி எடுப்பீர்களா என்று கேட்பது நல்லது. விருந்தினர்களின் மொபைல் படங்களையும் உடனே, சுருங்காமல் வர டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லிச் சேகரியுங்கள்.

கோப்புகள் கிடைக்கவே இல்லை, அல்லது காசு வாங்கிக்கொண்டு ஆல்பமே தரவில்லை என்றால், முதலில் எழுத்தில் கெடு வைத்து ஒரு கடிதம். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். அட்வான்ஸ் ரசீது, பணம் அனுப்பிய விவரம், அந்த ‘சரி’ என்ற வாட்ஸ்அப் பதில் மூன்றையும் அச்செடுத்து இணையுங்கள்.